ரேடியோவின் மண்டைக்குள் எத்தனை தொட்டி

பஸ் டெப்போவில் அவனுக்கு ரேடியோ என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சாவியைத் திருகினால் எஞ்சினுக்கு முன்னால் ரேடியோவின் வாய் கிளம்பிவிடும். முன்னால் போகிற லாரியைத் திட்டுவான். அந்த மூச்சு முடிவதற்குள் வெங்காய விலைக்கு வந்துவிடுவான். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரன் தன் நாய்க்குத் தைத்துப் போட்ட சட்டைக்கு. பஸ் மட்டும் அலுங்காமல் போகும். வாய் திறக்காத டிரைவர்கள் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் குடல் தொண்டைக்கு வந்துவிடும், இவன் பஸ்ஸில் கைக்குழந்தை தூங்கும்.

இது எப்படி என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

"கண்ணும் கையும் ரோட்டுக்கு. காதும் வாயும் எனக்கு. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள மூக்கை நுழைக்காது."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு டெப்போவில் பஸ் கழுவ வந்தவன். பேசிக்கொண்டே கழுவினான், பேசிக்கொண்டே கியர் பழகினான். லைசென்ஸ் வாங்கப் போன அன்று, பக்கத்தில் உட்கார்ந்து சோதித்த அதிகாரியிடமும் வாயைக் கொடுத்து, அவர் வீட்டுக் கூரை எந்த அறையில் ஒழுகுகிறது என்பது வரை தெரிந்துகொண்டுதான் இறங்கினான். பாஸ்.

அவன் பஸ்ஸுக்குக் கண்டக்டராக அவள் வந்தது அதற்கப்புறம். சிரிக்காத முகம். டிக்கெட் கிழிக்கிற சத்தம்கூட அளவாகத்தான் வரும். அவன் பாட்டுக்கு முன் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவான், அவள் பாட்டுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டே போவாள். மாசக்கணக்கில் இப்படி. ஒரு நாள் வெங்காய விலையை அவன் தப்பாகச் சொல்லிவிட்டான். பின்னாலிருந்து சரியான விலை வந்தது. மறுநாள் தக்காளிக்கும் வந்தது. அதற்கப்புறம் அவள் வாயையும் மூட முடியவில்லை. காரணத்தையும் அவளே சொன்னாள். நீங்கள் மூஞ்சியைப் பார்க்காமல் பேசுகிறீர்கள், அதனால் எனக்குப் பேச வருகிறது என்றாள்.

கல்யாணப் பேச்சும் அப்படித்தான் நடந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டுவிட்டான்.

"சிவப்பு விழுந்திருக்கு. முதல்ல நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினான். சரி என்றாள். பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. சாப்பாட்டு மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போடவா என்பாள், போதும் என்பான். அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரே மகள். அம்மாவும் அப்பாவும் நான் பிறந்ததிலிருந்து சண்டையில் இருக்கிறார்கள் என்று அவள் தன் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்கள் குடும்பம் நடத்தியது பஸ்ஸில். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, எல்லாம் ஓடுகிற பஸ்ஸில் முடிவானதுதான். அவன் அப்பா செத்தபோது வீட்டில் வராத அழுகை, வேலைக்குத் திரும்பிய அன்று மேம்பாலம் ஏறும்போது வந்தது. அவள் பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினாள். அவன் ரோட்டைப் பார்த்தபடியே மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு குடை வந்து குறுக்கே விழுந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. அவள் கடைசி சீட்டுப் பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பீரோ சாவியைக் காணோம் என்று அவளுக்குப் போன் பண்ணியிருந்தாள். கண்டக்டர் கூட்டத்தின் தலைக்கு மேலாகவே, சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கத்திக் கேட்டாள். அலமாரியில் என்றான். எந்தத் தட்டில், இந்த ஓரமா அந்த ஓரமா என்றாள்.

ரேடியோ மனசுக்குள் வீட்டுக்குள் போய்விட்டான். செருப்பைக் கழற்றிப் போடாத குறை. அலமாரியைத் திறந்தான், மடித்து வைத்த போர்வைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான், அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். அதற்குள் ஒரு நிறுத்தம் போய்விட்டது. போனது போதாதென்று, பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அங்கே நின்றவரின் குடையைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. குடைக்குக் கீழே நின்றவர் டெப்போ மேனேஜர்.

குடை இருந்த இடத்தில் தலை இருந்திருக்கலாம். அதை நினைத்து ரேடியோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை. கத்துகிற ஆளாக இருந்தால் கத்தி முடித்து விட்டுவிடுவார். இவர் நிதானமாகச் சொன்னார். புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே பஸ்ஸில் போட்டு வைத்ததே தன் தப்பு, அடுத்த மாசத்திலிருந்து அவளை வேறு தடத்துக்கு மாற்றப்போகிறேன் என்றார். ரேடியோ முகத்தில் ஈயாடவில்லை. காலையில் அவள் ஒரு பஸ், இவன் ஒரு பஸ். சாயங்காலம் மேசைக்கு எதிரும் புதிரும். அதற்கப்புறம் எங்கே பேசுவது.

"பேச்சால வந்த வினை இல்ல சார். எனக்குப் பேச்சு தனி, ஓட்டம் தனி. டெப்போவுல யாரை வேணா கேளுங்க."

"டெப்போவுல எதுக்குக் கேட்கணும்? அதைச் சோதிக்கவே பின்னால ஆள் வந்திருக்காங்க. போய் உட்காருங்க. தனித்தனின்னு அவங்க எழுதிக் கொடுத்தா ஒரே பஸ். இல்லேன்னா வேற வேற."

டெப்போவின் பின்கட்டில் பழைய டயர் போட்டு வைக்கிற கிடங்கு ஒன்று உண்டு. ஒருத்தன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து அங்கே கடை விரித்திருந்தாள். ஓட்டத்துக்கு ஆகாத பஸ் ஒன்றின் மூக்கை மட்டும் அறுத்து வைத்து, முன்னால் மூன்று பெரிய திரை மாட்டியிருந்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரையில் ரோடு திரும்பும். மூக்கை அறுத்துக் கொடுத்தவன் ரேடியோவின் மச்சான், அதாவது கண்டக்டரின் தம்பி. டெப்போவில் மெக்கானிக். அறுத்தது நான் என்ற உரிமையில் வேலையை விட்டுவிட்டு அங்கேயேதான் நிற்பான்.

அந்தப் பெண் ரேடியோவை உட்கார வைத்து விஷயத்தை விளக்கினாள்.

"எங்க ஆளுங்களுக்குள்ள ரெண்டு கட்சி, அண்ணா. கவனம்னா மண்டைக்குள்ள ஒரே தொட்டிதான், எந்தக் குழாயைத் திறந்தாலும் அதுல இருந்துதான் தண்ணி போகும்னு ஒரு கட்சி. இல்ல, கண்ணுக்கு ஒரு தொட்டி, காதுக்கு ஒரு தொட்டின்னு இன்னொரு கட்சி. நீங்க ஓட்டும்போது நான் வேற வேலை கொடுப்பேன். எந்த வேலைக்கு எது குறையுதுன்னு பார்க்கணும்."

"நீ எந்தக் கட்சிம்மா?"

"நான் இன்னும் ஓட்டுப் போடல."

"மாமா மண்டையில தொட்டி இருக்கான்னு முதல்ல தட்டிப் பாருங்க மேடம்" என்றான் மச்சான்.

முதல் நாள் காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். அதில் வரிசையாக வார்த்தைகள் வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரேடியோவுக்கு அது அல்வா. சொன்னதோடு நிற்காமல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விமரிசனமும் சேர்த்தான். திரையில் வண்டி ஒரு கோடு தாண்டவில்லை. அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தான்.

இரண்டாம் நாள் வார்த்தைக்குப் பதில் கேள்வி வந்தது. உங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்படிக்குப் போக எத்தனை கதவு, அலமாரிக்கு எதிரே என்ன இருக்கிறது. பதில் என்னவோ சரியாகத்தான் சொன்னான். அடுப்படிக் கதவைத் தாண்டுகிற நேரத்தில் திரையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய்க்கு மோட்சம்.

பொம்மை நாய்க்குப் புத்தி கிடையாது, நிஜ நாய் என்றால் ஒதுங்கியிருக்கும் என்று வாதாடிப் பார்த்தான். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். காதும் வாயும் நேற்றும் இதே வேலைதான் செய்தன, அப்போது வண்டி நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு இடத்தை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமானால் அதற்கு உள்ளே கண் வேண்டும். ரோட்டுக்கு இருக்கிற தொட்டியிலிருந்து அதுவும் குடிக்கிறது போல. வாய் இங்கே பேசினாலும் கண் வீட்டுக்குள் போய்விட்டது என்றாள்.

குடை ஏன் போயிற்று என்று ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததோடு ஒரு திருட்டு யோசனையும் வந்தது. மறுநாள் சோதனையில் அவன் ஓட்ட, கண்டக்டர் பேச வேண்டும் என்று ஏற்பாடு. அன்று சாயங்கால ஓட்டத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டான். நாளைக்கு வம்பு மட்டும் பேசு, யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதோடு நிறுத்திக்கொள், எந்தப் பக்கம், எந்தத் தட்டு என்று ஆரம்பிக்காதே.

"பரீட்சையில பிட்டு அடிக்கச் சொல்றீங்க" என்றாள்.

"நம்ம நல்லதுக்குத்தான சொல்றேன்."

அவள் அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விட்டாள். வம்பு பேசுவாளா, சத்தியவதியாக நிற்பாளா என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டான்.

பேசினாள். நல்ல வம்பாகவே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து மைக் கொடுத்தார்கள். குரல் மட்டும் ரேடியோவின் காதுக்கு வந்தது. நாய்ச் சட்டைக்காரர் வீட்டில் மாமியாரும் மருமகளும் மோதிக்கொண்ட கதை. இடம் வலம் எதுவுமில்லை, எல்லாம் வாய்ச்சண்டை. ரேடியோ உச்சுக் கொட்டினான், சிரித்தான், பாதிக் கதையில் சவுகரியமாகச் சாய்ந்துகொண்டான். திரையில் அவன் தினமும் ஓட்டுகிற தடத்துச் சந்தை வளைவு மாதிரி ஒரு குறுகின வளைவு. எதிரே லாரி. காதில் மாமியார் உச்சத்தில் இருந்தாள். ரேடியோ லாரியின் வயிற்றில் உரசிக்கொண்டு போனான். அடுத்த திருப்பத்தில் சைக்கிள்காரன் தப்பித்தது அவன் தாய் தகப்பன் செய்த புண்ணியம்.

ஆராய்ச்சிக்காரப் பெண்ணே உதட்டைப் பிதுக்கினாள். முதல் நாள் வார்த்தைக்கு ஒன்றும் ஆகாத ஆள், வம்புக்கு ஏன் கவிழ்ந்தார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ரேடியோ இறங்கி வந்து டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். டெப்போவில் அவனைப் பேச்சில்லாமல் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மச்சான்கூடக் கிண்டலை விழுங்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பெண்டாட்டிக்கு எந்தத் தடம் போடுவார்கள் என்று மட்டும் ரேடியோ கேட்டான்.

ஆனால் சோதனையில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அதே வேலை, அதே வம்பு, ஆனால் கண்டக்டர் அறுத்த மூக்குக்குள்ளேயே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குரல் அதே குரல்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் ரேடியோ நம்பிக்கையில்லாமல் ஏறி உட்கார்ந்தான்.

அன்று ஓட்டினான் பாருங்கள். லாரி வந்தது, ஒதுங்கினான். நாய் வந்தது, பிழைத்துப் போயிற்று. வளைவில் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனான். இத்தனைக்கும் மருமகளின் பதிலடி முழுக்கக் கேட்டு, அதற்கு அபிப்பிராயமும் சொல்லியாகிவிட்டது. கடைசியில் பிரேக்கை மிதித்துவிட்டுத் துள்ளி இறங்கினான். நேற்று எனக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்குத்தான் இரண்டு தொட்டியும் நிறைந்திருக்கிறது என்று அளந்தான்.

அந்தப் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவான குரலையும் ரோட்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரையும் கூப்பிட்டு முதலில் நேற்றையதைப் போட்டாள். வளைவு வந்தது, லாரி வந்தது, கண்டக்டரின் குரல் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அப்புறம் இன்றையது. "அந்த மருமக சும்மா இருப்பாளா, நேரா போய்" என்றது குரல். வளைவு வந்தது. குரல் இல்லை. லாரி வந்தது, போனது. குரல் இல்லை. ரோடு நேரானது. "மாமியாகிட்டயே கேட்டுட்டா" என்றது குரல்.

நாய் வந்த இடத்தில் ஒரு ஓட்டை. பாலத்தில் ஒரு ஓட்டை. ரோடு கடினமான இடத்திலெல்லாம் பேச்சில் ஒரு ஓட்டை.

"நான் எங்க நிறுத்தினேன்? பேசிட்டேதான இருந்தேன்" என்றாள் கண்டக்டர். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"நிறுத்தியிருக்கீங்க, அக்கா. பக்கத்துல நின்னா உங்களுக்கும் ரோடு தெரியுது. அண்ணாவுக்கு எங்க கஷ்டமோ அங்க வாயை மூடிக்கிறீங்க. நேத்து ரூமுக்குள்ள இருந்தீங்க, ரோடு தெரியல."

மச்சான் அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தான். "அப்போ மாமாவுக்குத் தொட்டி ஒண்ணோ ரெண்டோ, குழாயை மூடித் திறக்கிறது எங்க அக்கா. இவரு மீசையைத் தடவிக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை. அந்த ஓட்டைகளை இன்னொரு தடவை போடச் சொன்னான். கேட்டான். இத்தனை வருஷம் இவ்வளவு வாய் பேசியும், அவள் பேசாத இடம் ஒன்றுகூட அவன் காதில் விழுந்ததில்லை. டீக்கடையில், யூனியன் கூட்டத்தில், மகளிடத்தில், எங்கே போனாலும் தன் மண்டையின் பெருமையைத்தான் பாடியிருக்கிறான். வெளியே வந்ததும் அவளைப் பார்த்து நின்றான். நேருக்கு நேர். வழக்கம்போல இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. அவள் அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த கிடங்குத் தூசியைத் தட்டிவிட்டு டிக்கெட் பையை எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் அறையில் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தது பக்கம் பக்கமாக இருந்தது. மேனேஜர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, தொட்டி கதையெல்லாம் எனக்கு வேண்டாம், சேர்த்து வைக்கவா பிரிக்கவா என்று கேட்டார். சோதனையில் இரண்டு பதில் இருக்கிறது, எதைச் சொல்வது என்று அவள் தடுமாறினாள். ரேடியோ வாயைத் திறந்தான். கண்டக்டர் முந்திக்கொண்டாள்.

"குடை போன அன்னைக்கு நான் கடைசி சீட்டுல இருந்து கத்தினேன், சார். அங்க இருந்து எனக்கு ரோடு தெரியாது. முன்னால நின்னிருந்தா அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். இனிமே பின்னால போனா வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்க மாட்டீங்க. இவர்?"

"அவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லேன்னா எவ்வளவு நேரம் பேசுவாரு?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்ததை அன்றுதான் பார்த்தார்கள். முன்னால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது மட்டும் பேச்சு, பின்னால் போய்விட்டால் இரண்டு பேரும் ஊமை, ஒரு புகார் வந்தாலும் வேறு வேறு தடம் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் ஓட்டத்தில் கூட்டம் வழிந்தது. அவள் பின்னால் போய்விட்டாள். ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முன்னால் ஒரு லாரி சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிற்று. அதைக்கூட விட்டுவிட்டான். ரேடியோவுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று முன் சீட்டுக்காரர் கேட்டார். பதில் இல்லை. பின்னால் டிக்கெட் டிக்கெட் என்கிற குரல் மட்டும் சீட்டு சீட்டாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குண்டு ஆசாமி வழிவிடாமல் நின்றபோது குரலும் நின்றுவிட்டது, அந்த ஆளை இறக்கிவிட்டுவிடலாமா என்று ரேடியோவுக்குத் தோன்றிற்று. ஒரு வழியாகக் கம்பியைப் பிடிக்கிற வளையல் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள்.

அணை உடைந்தது. லாரி, முன் சீட்டுக்காரர், மகள் காலையில் சொன்னது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தன. அவளும் ஈடு கொடுத்துக்கொண்டு வந்தாள். சந்தை வளைவு நெருங்கியது. அவள் பக்கத்திலிருந்து சத்தம் நின்றது. ரேடியோவுக்கு அது இப்போது நன்றாகக் கேட்டது. சட்டென்று அவனும் வாயை மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஊர்ந்தான். எதிரே ஒரு காக்காய்கூட இல்லை. வளைவு முடிந்தது. அப்புறமும் அவன் பேசவில்லை, அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ நிறுத்தினியே. ரோட்டுல என்னமோ பார்த்துட்டியோன்னு நினைச்சேன்."

"ரோட்டுல என்ன இருந்துது? நான் புது டிக்கெட் கட்டைப் பிரிச்சிட்டு இருந்தேன், பல்லால கடிச்சு. சரி, மக என்ன சொன்னா, அதைச் சொல்லுங்க."